பேத்தி யார் பக்கம் படுப்பாள்

எழுத்தில் தப்பு நிறைய இருக்கும், படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் நாலாம் வகுப்பு வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். அதற்குப் பிறகு பேனா பிடித்தது ரேஷன் கடையிலும் வில்லேஜ் ஆபீஸிலும் கையெழுத்துப் போட மட்டும்தான். கேரள எல்லைக்குள் இருக்கிற எங்கள் ஊர் வாயனசாலையில், அதாவது லைப்ரரியில், இந்த வருசம் ஒரு மலர் போடுகிறார்களாம். மறக்க முடியாத ஒருவரைப் பற்றி வயசானவர்கள் எழுதித் தர வேண்டும் என்று வீடு வீடாக வந்து கேட்டார்கள். வாசல் வரை வந்தவர்களிடம் முடியாது என்று சொல்ல எனக்குக் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் அவரவர் அப்பனைப் பற்றியும் வாத்தியாரைப் பற்றியும் எழுதுவார்கள். எனக்கு மறக்க முடியாதவள் என் ஓரகத்தி, காலமாகிப்போன என் வீட்டுக்காரருடைய தம்பி சம்சாரம். அவள் செத்துப்போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நன்றாகவே இருக்கிறாள். உயிரோடு இருப்பவரைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன், தாராளமாக எழுதலாம் என்றார்கள். எனக்கு ஞாபகம் முன்னே மாதிரி இல்லை. முன்பின் நடந்ததை மாற்றி எழுதிவிட்டால் மன்னிக்கவும்.

அவளை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது அவள் கையில் இருக்கும் போன்தான். மற்றவர்களைப் போல அதைக் காதில் வைத்துப் பேச மாட்டாள். உள்ளங்கையில் தீபத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு, பேசுவது எட்டு ஊருக்குக் கேட்கும்படி வைத்துக்கொண்டு, தென்னை மரங்களுக்கு நடுவே நடந்துகொண்டே பேசுவாள். போன பங்குனியில் ஒரு நாள் காலையில் நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். சுவருக்கு மேலே என் மகன் குரல் வந்தது.

"சின்னம்மோவ், புள்ளைகளுக்கு லீவு உட்டாச்சு. இந்த வாட்டி மலையில போயிக் கூடாரத்துல தங்கலாம்னு இருக்கறோமுங். நீங்க என்ன சொல்றீங்க?"

நான் பெற்ற மகன். கொச்சியில் கம்பெனி வேலையில் இருக்கிறான். அவன் சம்சாரமும் வேலைக்குப் போகிறாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண், இன்னும் பேச்சு திருந்தாத ஒரு பையன், இரண்டு பிள்ளைகள் அவர்களுக்கு. அவன் வீட்டில் எது நடந்தாலும் அந்தச் சேதி முதலில் அவள் உள்ளங்கைக்குத்தான் வரும். அங்கிருந்து சுவர் தாண்டி என் காதுக்கு வரும். "அம்மாவக் கேட்டயா கண்ணு?" என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் எனக்குப் பிடித்திருக்குமா? அவள் ஞாபகப்படுத்தித்தான் என் மகன் என்னைக் கேட்க வேண்டுமா என்று அதற்கும் வயிறு எரிந்திருக்கும்.

"கூடாரமுன்னா எப்படி? கோயில் நோம்பிக்குப் பலூன்காரன் போடுவானே, அந்த மாதிரியா?" என்றாள் அவள்.

அவன் சிரித்தான். "இல்லீங் சின்னம்மா. ஜிப்பு வெச்சது. உள்ள மெத்தையெல்லாம் குடுப்பாங்க."

"மெத்தை எத்தாச்சோடு தடிப்பு இருக்கும்? பொடுசுகளுக்கு முதுகுல கல்லுக் குத்தக் கூடாது பாரு. கேட்டுச் சொல்லு."

இப்படித்தான் அது ஆரம்பித்தது. காந்தளூரில் பூண்டும் கேரட்டும் வைக்கிற ஒரு விவசாயி, தன் தோட்டத்திலேயே இரண்டு மூன்று கூடாரம் போட்டு வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறாராம். என் மகனுக்கு ஒரே நிபந்தனைதான். பிள்ளைகளுக்குச் சௌகரியமாக இருக்க வேண்டும், குளிரிலும் ஈரத்திலும் கிடந்து கஷ்டப்படக் கூடாது. அந்தச் சௌகரியத்தை அவன் ஒப்படைத்தது அவளிடம். அதற்குப் பிறகு பத்து நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் அதே பேச்சுதான். சூடு தண்ணீருக்கு ஃபிளாஸ்க் பெரியதாக வேண்டும். பையனுக்குக் குல்லாய் காதை மூடுகிற மாதிரி இருக்க வேண்டும். கூடாரத்துக்குப் பக்கத்தில் ஓடை இருக்கிறதா, இருந்தால் வேலி இருக்கிறதா. காட்டெருமை வருமா. அட்டை கடித்தால் உப்பா, புகையிலையா. மத்தியானத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால்தான் பிள்ளைகள் ஒரு தூக்கம் போட்டு எழுந்து விளையாடும், அதனால் விடியக்காலையில் கிளம்ப வேண்டும். அவள் சொல்லச் சொல்ல என் மருமகள் அந்தப் பக்கம் "சரிங் சின்னத்தை, சரிங் சின்னத்தை" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் இந்தப் பக்கம் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அவன் என்னையும் கூப்பிடாமல் இல்லை. சாயந்திரம் கூப்பிடுவான். சாப்டீங்களாம்மா, மாத்திரை போட்டீங்களாம்மா, கால் வலி எப்படிங்மா. இந்த மூன்றும் கேட்டுவிட்டு வைத்துவிடுவான். ஒரு நாள் நானும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "கண்ணு, அங்க கக்கூசு கிட்டக்க இருக்குதா? பாப்பா ராத்திரி ஒருக்கா எந்திரிப்பா" என்றேன்.

"அது சின்னம்மா கேட்டாச்சுங்மா. பக்கத்துலயேதான்."

"மலை வளைவுல சின்னவன் வாந்தி எடுப்பானே."

"அதும் சின்னம்மா சொன்னாங்க. நீங்க ஒண்ணும் ரோசன பண்ணாதீங்க. நீங்க சும்மா வந்தாப் போதும்."

அன்பாகத்தான் சொன்னான். அன்பாகச் சொன்னதால்தான் அது அத்தனை வலித்தது. ஒரு குறைக்கு, ஒரு கோபத்துக்குச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். சும்மா வந்தால் போதும் என்பதற்கு என்ன பதில் இருக்கிறது? நான் யோசித்து வைப்பதையெல்லாம் அவள் எனக்கு ஒரு நாள் முன்னால் யோசித்துக் கேட்டும் முடித்துவிடுகிறாள். அவளுக்கு வாய் இருக்கிறது. எனக்கு நாக்குக்கு வந்த பேச்சு பல்லுக்கு வருவதற்குள் அடுத்தவர்கள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்கள்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. அதைச் சொல்லித்தான் ஊர் அவளுக்கு இரக்கப்படும். "உனக்கென்ன குறை, மகன், மருமக, பேரன் பேத்தின்னு நெறைஞ்சு கெடக்குது. அவளுக்கு யாரு இருக்கறா?" என்று என்னிடமே சொல்வார்கள். அதனால் என் பொறாமையை நான் எங்கேயும் போய்ச் சொல்ல முடியாது. இல்லாதவள் மேல் இருக்கிறவள் பொறாமைப்படுகிறாள் என்றால் யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? எனக்கு இருக்கிறதெல்லாம் அவளிடம்தான் இருக்கிறது என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது?

இது எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். என் மகன் தவழ்ந்துகொண்டிருந்தபோது எனக்கு மஞ்சள்காமாலை வந்தது. ரொம்ப மோசமாகிவிட்டது. பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று என்னைத் தனியறையில் படுக்கப் போட்டார்கள். அவள் அப்போதுதான் கல்யாணமாகி வந்தவள். மருதாணிகூட முழுசாகப் போகாத கையில் என் மகனைத் தூக்கிக்கொண்டாள். நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். அவள் இடுப்பில் அவன் இருப்பான். ஆட்டுப்பாலைத் தண்ணீர் விட்டுக் காய்ச்சிப் பாலாடையில் புகட்டுவாள். அவன் குடித்து முடித்து அவள் தோளில் ஏப்பம் விடுவது ஜன்னல் வரை கேட்கும். அவள் மட்டும் இல்லாவிட்டால் பிள்ளை தேறியிருக்க மாட்டான் என்று மாமியார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். உண்மைதான். நான் குளித்துத் தலை துவட்டி வெளியே வந்து கையை நீட்டினபோது, அவன் என்னைப் பார்த்துவிட்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். "அம்மாடா சாமி, உன்ற அம்மாடா" என்று அவளே சொல்லிச் சொல்லி என் கையில் கொடுத்தாள். என் பிள்ளைக்கு என்னை யாரென்று அவள் சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்கு வந்த எரிச்சல் இத்தனை வருசத்தில் ஆறவில்லை. அவள் அதில் தப்பு ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் ஆறாததற்குக் காரணமோ என்னவோ.

பேரப்பிள்ளைகள் வந்த பிறகும் அதே கதைதான். என் பேத்திக்கு நான் வெறும் ஆத்தா இல்லை, பெரியாத்தா. ஏனென்றால் சின்னாத்தா என்று ஒருத்தி இருக்கிறாள். என்னிடம் "வாங், சாப்புடுங்" என்று மரியாதையாகப் பேசுவாள், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பெரியவர்களிடம் பேசுவது போல. சின்னாத்தாளை மட்டும் நீ, வா, போ. மருமகள் அதட்டினால், "சின்னாத்தாளுக்கு அப்படித்தான் புடிக்கும்" என்பாள். கொச்சியிலிருந்து வந்தால் ராத்திரி சாப்பிட்ட கையோடு தலையணையைத் தூக்கிக்கொண்டு, சுவரைச் சுற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்விடுவாள். நான் துவைத்து விரித்து வைத்த விரிப்பு அப்படியே மடிப்புக் கலையாமல் கிடக்கும்.

கூடாரத்துக்குப் போகிற ஏற்பாட்டில் எனக்கு இருந்த ஒரே ஆசை இதுதான். என் மகன் சொன்னான், "நாங்க மூணு பேரும் ஒண்ணுல, நீங்க ரெண்டு பேரும் பாப்பாவும் ஒண்ணுல." கூடாரத்தில் சுவர் கிடையாது. அந்த வீடு, இந்த வீடு கிடையாது. மூன்று பேர் படுத்தால் நடுவில் பிள்ளைதான் படுக்க வேண்டும். நடுவில் படுக்கிற பிள்ளை ஏதாவது ஒரு பக்கம் திரும்பித்தானே ஆக வேண்டும்? அந்த ஒரு ராத்திரி அது என் பக்கம் திரும்ப வேண்டும். மெத்தைத் தடிப்பு, ஃபிளாஸ்க், குல்லாய் எல்லாம் அவள் பார்த்துக்கொள்ளட்டும், எனக்கு இது போதும் என்று இருந்தேன். கேட்டால் சிரிப்பாக இருக்கும். அந்த வாரம் முழுவதும் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

கொழுந்தனார் பால் கறக்க ஆள் வேண்டும் என்று வீட்டிலேயே நின்றுவிட்டார். மகன் கொச்சியிலிருந்து கொண்டுவந்த காரில் மற்றவர்கள் கிளம்பினோம். கோபாலபுரம் தாண்டி, பொள்ளாச்சி, உடுமலை, அப்புறம் சின்னார்க் காடு. பின்னால் ஒரு ஜன்னலில் அவள், ஒரு ஜன்னலில் நான், நடுவில் பிள்ளைகள். பேத்தி அவள் மேல் சாய்ந்துகொண்டு, "அது என்ன மரம், அது ஏன் வேலி போட்டிருக்கு" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மறையூர்ச் சந்தன மரம் ஒவ்வொன்றும் தனக்கே சொந்தம் மாதிரி என் ஓரகத்தி விளக்கம் சொன்னாள். பேரன் வளைவுகளில் வாடிப்போய், கடைசியில் என் மடியில் வாந்தி எடுத்தான். மருமகள் பதறிப்போனாள். எனக்கு அதுகூடச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஓரகத்தி பக்கம் திரும்பாமல் என் பக்கம் திரும்பித்தானே எடுத்தான்.

காந்தளூரில் அந்தத் தோட்டம் படிப்படியாக மலைமேல் ஏறுகிற மாதிரி இருந்தது. தோட்டக்காரர் எங்கள் வயசுக்குக் கொஞ்சம் கீழே இருப்பார். தேனிப்பக்கத்துப் பேச்சு. "வாங்கம்மா, வாங்க வாங்க. மேல் தட்டுல போட்ருக்கேன் பாருங்க. தண்ணியும் நிக்காது, காலைல வெயிலும் நல்லா விழும்" என்று கையைக் காட்டினார். மேலே திறந்த வெளியில் இரண்டு கூடாரம் நின்றன. துணி காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

என் ஓரகத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். "ஏனுங்க, இப்படிக் காத்துல கொண்டாந்து நட்டு வெச்சிருக்கறீங்க? பொடுசுக தூங்க வேண்டாமா?"

"மலைன்னா காத்து இருக்கத்தாம்மா செய்யும்."

"எங்கூர்க் காத்து உங்களுக்குத் தெரியாதுங்க. ஆடியில வந்து பாருங்க, இந்த ஊட்டுத் தகரம் அடுத்த ஊர்ல போயி விழுகும். அந்தா கீழ, அந்தக் கல்லுக்கட்டுக்குப் பின்னால, எப்படி அடக்கமா இருக்குது! அங்க போட்டுக் குடுங்க."

"அது பள்ளம்மா. மழை பெஞ்சா மேல உள்ள தண்ணி பூரா அங்கிட்டுத்தான் எறங்கும்."

"மானம் வெள்ளையாக் கெடக்குது. இன்னிக்கு எங்கீங்க மழை?"

"நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன். அப்புறம் ஒங்க இஷ்டம்." அவர் கூடாரத்தின் முளைகளைப் பிடுங்கப் போய்விட்டார்.

இதில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கும் அந்தப் பள்ளம்தான் நல்ல இடமாகத் தெரிந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பிறந்து வளர்ந்தவர்கள் எங்கே போனாலும் முதலில் காற்று எந்தப் பக்கம் என்றுதான் பார்ப்போம். தொட்டில் கட்டினாலும், அடுப்புக் கூட்டினாலும், வைக்கோல் போர் போட்டாலும் காற்றுக்கு முதுகு காட்டித்தான் செய்வோம். மழை எங்களுக்குச் சாமி கொடுக்கிற மாதிரி அளந்து வருவது. அது வந்து வீட்டை எடுத்துப் போகும் என்று எங்கள் ஆட்களுக்குத் தோன்றவே தோன்றாது. என்னைக் கேட்டிருந்தாலும் அந்தப் பள்ளத்தைத்தான் காட்டியிருப்பேன். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. மருமகள், "சின்னத்தை சொன்னாச் சரியா இருக்கும்" என்றாள்.

கல்லுக்கட்டுக்குப் பின்னால் காற்றே இல்லை. வீட்டுக்குள் இருப்பது மாதிரி இருந்தது. மெத்தைக்குக் கீழே கல் குத்தவில்லை. கூடாரத்துக்குள் போர்வை விரித்து, ஃபிளாஸ்க்கை மூலையில் வைத்து, பையனுக்குப் பால் கலக்கிக் கொடுத்து, அவள் எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணினாள். பேத்தி ஜிப்பை மேலே இழுப்பதும் கீழே இழுப்பதுமாக, "கதவு மூடிருச்சு, கதவு தொறந்துருச்சு" என்று ஆடிக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளே தலையணைகளை எடுத்துப் போட்டாள். என்னுடையது ஒரு ஓரம், சின்னாத்தாளுடையது ஒரு ஓரம், தன்னுடையது சின்னாத்தா தலையணையோடு ஒட்டினாற்போல. எல்லாரும் தோட்டத்தில் கேரட் பிடுங்கிப் பார்க்கப் போனபோது நான் கால் வலி என்று உள்ளேயே இருந்தேன். பேத்தியின் தலையணையை எடுத்து ஒரு சாண் தூரம் என் பக்கம் நகர்த்தி வைத்தேன். தட்டிச் சரிசெய்தும் வைத்தேன்.

சாயந்திரம் டீ குடித்துக்கொண்டு தோட்டக்காரர் வீட்டு முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஒரு மேகம் மலைக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தது. அது வந்து சேரும் என்று யாரும் எழுந்திருக்கவில்லை. வந்தது. எங்கள் ஊரில் நான் பார்த்த கோடை மழை நாலு துளி போட்டுத் தூசி கிளப்பிவிட்டுப் போகும். இது அப்படி இல்லை. வீட்டுத் தகரத்தின் மேல் சரளைக் கல்லைக் கொட்டுகிற சத்தம். நின்ற பிறகு பேத்திதான் முதலில் ஓடிப்போய்ப் பார்த்தாள். கீழே இருந்து அவள் கத்தினது இன்னும் காதில் இருக்கிறது. "அம்மா, எல்லாரும் வாங்க! சின்னாத்தா போட்ட ஊடு மெதக்குது!"

மேல் தட்டுத் தண்ணீரெல்லாம் கல்லுக்கட்டின் இடுக்கு வழியாக இறங்கி அந்தப் பள்ளத்தில் தேங்கியிருந்தது. இரண்டு கூடாரமும் வயிறு உப்பின எருமை மாதிரி சாய்ந்து நின்றன. உள்ளே மெத்தை பாலில் ஊறின ரொட்டியாகக் கிடந்தது. நான் நகர்த்தின தலையணையும் நகர்த்தாத தலையணைகளும் எது எங்கே இருந்தது என்று தெரியாமல் ஒரே மூலையில் மிதந்து போய்ச் சேர்ந்திருந்தன.

நான் என் ஓரகத்தி முகத்தைப் பார்த்தேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது, நான் காத்திருந்தேன். அந்த மனிதர் அத்தனை சொல்லியும் கேட்காமல் பள்ளத்தில் போடச் சொன்னவள் அவள். பிள்ளைகளுக்கு ஈரம் ஆகாது என்று பத்து நாளாகப் பேசினவளும் அவள். இப்போது என் மகன் என்ன சொல்கிறான் பார்ப்போம் என்று நின்றேன்.

அவளே முதலில் வாயைத் திறந்தாள். "எங்கூர்ல காத்துதானுங்களே எதிரி! தண்ணி வந்து முதுகுல குத்தும்னு எவ கண்டா?"

"ஒங்க ஊர்க் காத்துக்குத்தான் பயந்தீங்க, எங்க ஊர்த் தண்ணி கோவிச்சிருச்சும்மா" என்றார் தோட்டக்காரர்.

அவ்வளவுதான். என் மகன் சிரிக்க ஆரம்பித்தான். மருமகள் சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் ஈரப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பேத்தி முழங்கால் தண்ணீரில் குதித்தாள். என் ஓரகத்தியோ நனைந்த ஃபிளாஸ்க்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "இது தப்பிச்சுது, பாருங்க!" என்றாள். மறுபடியும் சிரிப்பு. அந்தப் பயணத்தில் பிள்ளைகளுக்கு நின்று நிலைத்த ஞாபகம் அந்தப் பள்ளம்தான். இப்போதும் பேத்தி போனில் "சின்னாத்தா, மெதக்கற ஊடு கட்டலாமா" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறாள்.

ஒரு தடவை நானும் தப்புப் பண்ணியிருக்கிறேன். மகனுக்குப் பெண் பேசி முடித்து, பெண் வீட்டு ஒறம்பரை எல்லாம் சாப்பிட வந்த அன்றைக்கு, பதட்டத்தில் ரசத்துக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை. "பரவாயில்லீங்க, பரவாயில்லீங்க" என்று சொல்லித் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். அதற்குப் பிறகு இன்று வரை அந்த உப்பைப் பற்றி யாரும் பேசினதில்லை. அத்தனை மரியாதை. அவள் செய்கிற தப்பு வருசா வருசம் சொல்லிச் சிரிக்கிற கதையாகிறது. நான் செய்கிற தப்பை மூடி வைத்துவிடுகிறார்கள். என்னை யாரும் கடிந்து பேசமாட்டார்கள். கேலி பண்ணவும் மாட்டார்கள். கேலி பண்ணுகிற அளவுக்கு யாரும் என் பக்கத்தில் வந்ததில்லை என்று அந்த ஈரத்தில் நின்றபோது தோன்றியது.

தோட்டக்காரர் பூண்டு உலர்த்தும் அறையை ஒழித்துக் கொடுத்தார். அவர் சம்சாரம் உலர்ந்த பாய்களும் பெரிய ரஜாய்ப் போர்வை இரண்டும் கொண்டுவந்து போட்டார்கள். மகன், பேரன், மருமகள் மூன்று பேரும் ஒரு சுவர் ஓரம் படுத்துக்கொண்டார்கள். எதிர்ச் சுவர் ஓரம் எங்கள் பாய். பேத்தி மாற்றுச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு கேரட்டைக் கையில் பிடித்தபடி நடுவில் நின்றாள். எங்கே போவாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் பாயில் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டேன்.

அவள் நேரே சின்னாத்தா ரஜாயைத் தூக்கினாள்.

"இன்னிக்குப் பெரியாத்தாகூடப் படு சாமி" என்றாள் என் ஓரகத்தி. "எனக்குச் சளி புடிக்கறாப்பல இருக்குது. உனக்கு ஒட்டிக்கும்."

அவளுக்குச் சளி இல்லை. மழை நின்றதிலிருந்து அவள் பேசின பேச்சு முழுவதையும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மூக்கில் ஒரு அடைப்பு கிடையாது, தொண்டையில் ஒரு கமறல் கிடையாது. என் முகத்தில் எதையோ பார்த்துவிட்டாள். இல்லாவிட்டால் என்றைக்கோ பார்த்து வைத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே நின்று என் மகனைத் தூக்கிக் காட்டின நாளிலிருந்தே பார்த்திருப்பாளோ என்னவோ. எனக்கு வேண்டியது கிடைத்தது. ஆனால் அவள் எடுத்துக் கொடுத்துத்தான் கிடைத்தது. வேண்டாம், உன்னிடமே படுக்கட்டும் என்று சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. அதற்குள் பிள்ளை வந்து சுவருக்கும் எனக்கும் நடுவில் புகுந்துகொண்டது. சில்லென்று இரண்டு பாதத்தையும் என் முழங்காலில் வைத்தது. நான் ரஜாயை இழுத்து மூடிவிட்டேன்.

"பெரியாத்தா, கதை சொல்லுங்."

"எனக்குக் கதை தெரியாது கண்ணு."

எனக்குத் தெரியாமல் இல்லை. எதிர்ச் சுவரில் மகனும் மருமகளும் கேட்டுக்கொண்டிருப்பார்களே என்ற கூச்சத்தில் ஒன்றும் வாயில் வரவில்லை. பேத்தி தலையைத் தூக்கி என்னைத் தாண்டிப் பார்த்தாள். "சின்னாத்தா, நீ சொல்லு."

"அங்கிருந்தே கேளு அப்பொ" என்றாள் அவள். "ஒரு ஊர்ல ஒரு வெள்ளாடு. அதைப் பொள்ளாச்சிச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போனாங்களாம். ஆட்டுக்குப் போக இஷ்டமில்ல. கோபாலபுரம் செக்போஸ்ட்டு வந்துச்சாம். போலீசுகாரர் கட்டையப் போட்டு மறிச்சு, 'ஆட்டுக்குப் பாஸ் இருக்குதா?'ன்னு கேட்டாராம். ஆட்டுக்காரன் சட்டைச் சோப்புலருந்து பாஸ எடுத்து நீட்டினானாம். ஆடு எட்டி அதைத் தின்னு போட்டுதாம்."

பிள்ளை சிரித்தது. அந்தச் சிரிப்பு என் வயிற்றின் மேல் குலுங்கியது. கதை அங்கிருந்து வந்தது, சிரிப்பு இங்கே இருந்தது. நடுவில் நான். இப்படிக் கிடைத்த பங்கு போதுமா போதாதா என்று கணக்குப் பார்க்கக்கூட எனக்குத் தெரியவில்லை.

"பொறவு?"

"பொறவென்ன. பாஸ் இல்லாம அந்தப் பக்கம் உடமாட்டாங்க. பாஸ் இருந்ததுக்கு ஆட்டு வயித்துல சாட்சி இருக்குது, அதனால திருப்பி அனுப்பவும் முடியல. கட்டைக்கு நடுவால ஆடு நிக்குதாம். பின்னால லாரியெல்லாம் ஆரன் அடிக்குதாம்..."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். என் முழங்காலில் இருந்த பாதம் கனக்க ஆரம்பித்தது. மூச்சு நீண்டு வந்தது. கேரட் கையிலிருந்து நழுவிப் பாயில் உருண்டது. பிள்ளை தூங்கிவிட்டாள். முகம் என் பக்கம் திரும்பித்தான் இருந்தது, அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. என் ஓரகத்திக்கு அது தெரியாது. தூங்கின பிள்ளைக்கு அவள் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளை முழுசாக என்னிடம் இருந்தது. எத்தனையோ வருசமாக நான் கேட்டது அதுதானே.

அப்புறம் அவள் நிறுத்தினாள். "கண்ணு, கேக்கறயா?" என்றாள் மெதுவாக.

பாப்பா தூங்கிட்டா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் படுத்துவிடுவாள். அந்த அறையில் பிள்ளையும் நானும்தான் மிச்சம். ஆடு கட்டைக்கு நடுவில் அப்படியே நிற்கும். நான் குரலைச் சின்னதாக்கிக்கொண்டு, "ம்" என்றேன்.

அந்தப் பக்கம் பாய் ஒரு தரம் சரசரத்தது. பிறகு அவள் கதையை விட்ட இடத்திலிருந்து எடுத்துச் சொன்னாள். முன்னைவிடக் கொஞ்சம் நிதானமாக, பெரியவர்களுக்குச் சொல்வது மாதிரி சொன்னாள் என்று எனக்கு ஒரு நினைப்பு. அது நிஜமா, நானாக இப்போது சேர்த்துக்கொள்வதா தெரியவில்லை. நானும் பாதியில் தூங்கிவிட்டேன்.

இதை அச்சுப் போடுகிறவர்கள் தயவுசெய்து ஒரு எட்டு அந்த வீட்டுக்குப் போய் அவளிடம் படித்துக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தோட்டத்துக்கு நாங்கள் போனது சித்திரை ஒண்ணாம் தேதி விசுவுக்கு முன்னாலா பின்னாலா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. வாந்தி எடுத்தது என் மடியில்தான், அதில் அவள் வேறு ஏதாவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த ஆடு கடைசியில் எந்தப் பக்கம் போனது என்றும் கேட்டு, இதற்குக் கீழே எழுதிவிடுங்கள். நான் கேட்கச் சொன்னேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.